துண்டுக்குள் இடது கை

எங்கள் அய்யாவுக்குப் பேச்சு நின்ற பிறகுதான் அவர் அதிகமாகப் பேச ஆரம்பித்தார். எல்லாம் என் அண்ணன் வாய் வழியாக.

"அய்யா புதுக் கிளைய மாம்பலம் ஸ்டேஷன் பக்கமே போடச் சொல்லுதாவ." "அய்யாவுக்கு இந்த டாக்டரப் பிடிக்கல." "அய்யா ரசம் போதும்ங்காவ." நான் இங்கிலாந்திலிருந்து வந்து இறங்கிய அன்று, டாக்ஸியிலிருந்து பெட்டியைக்கூட இறக்கவில்லை, அண்ணன் வாசலுக்கு வந்து சொன்னான்: "வள்ளி, அய்யா இனிமே உன்னைய அங்க அனுப்ப வேண்டாம்னுட்டாவ."

உள்ளே போய்ப் பார்த்தேன். அய்யா கட்டிலில் தலையணைகளுக்கு நடுவே சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மூன்று மாதத்துக்கு முன்னால் வாதம் அடித்ததில் வலது கையும் வலது காலும் அசையவில்லை. வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. தோளில் மட்டும் எப்போதும் போல வெள்ளைத் துண்டு. மகளைப் பார்த்ததும் கண் நிறைந்தது. வாயைத் திறந்தார். "தொ... தொ..." என்றார். அதற்கு மேல் வரவில்லை. இந்த மனுஷர்தான் எங்கள் ஜவுளிக்கடைக்கு மாம்பலத்தில் எங்கே கிளை போடுவது என்று விளக்கமாகச் சொன்னாராம்.

அண்ணன் நல்லசிவத்தை நேரில் "நீங்க" என்றுதான் கூப்பிடுவேன். எழுதும்போது "அவன்". இது என் கதை, இங்கே நான் வைத்ததுதான் மரியாதை.

அது 1974 பொங்கலுக்கு மறுநாள். எனக்கு இருபத்தெட்டு வயது. லீட்ஸ் நகரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் ஸ்பீச் தெரபிஸ்டாக இருந்தேன். வாதம் வந்து பேச்சுப் போனவர்களுக்கும், திக்குகிற பிள்ளைகளுக்கும், தொண்டையில் ஆபரேஷன் ஆனவர்களுக்கும் மறுபடி பேசப் பயிற்சி கொடுக்கிற வேலை. 1968இல் நான் படிக்கக் கிளம்பியபோது பாண்டி பஜாரில் இருந்த எங்கள் சொந்தக்காரர்கள் எல்லாம் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். "ஊமைக்குப் பேச்சு சொல்லிக் குடுக்க லண்டன் போறாளாம். இவ வாய மூடத்தான் ஒரு படிப்பு வேணும்."

அய்யா மட்டும் சிரிக்கவில்லை. "இங்க அந்தப் படிப்பு கெடையாதா?" என்று கேட்டார். மைசூரில் இருக்கிறது, ஆனால் எனக்கு இடம் கிடைக்கவில்லை, லண்டனில் கிடைத்துவிட்டது என்றேன். "எத்தன வருசம்?" என்றார். மூன்று என்றேன். "மூணாவது வருசம் வந்துரணும்" என்றார். சரி என்றேன். ஆறு வருஷமாகியும் நான் வரவில்லை. அதை மறைக்க மாட்டேன். வேலை கிடைத்தது, பிடித்தது, இருந்துவிட்டேன்.

லண்டனில் முதல் நாளே ஒரு வாத்தியாரம்மா, "உன் உச்சரிப்பை வைத்துக்கொண்டு எங்கள் நோயாளிகளை எப்படிப் பேச வைப்பாய்?" என்று கேட்டாள். இரண்டு வருஷம் கண்ணாடி முன்னால் நின்று வாயைக் கோணி அவளுடைய இங்கிலீஷை அவளைவிட நன்றாகப் பேசிக் காட்டினேன். லீட்ஸில் என் முதல் நோயாளி ஒரு பழைய நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. வாதம் அடித்த பிறகு அவருக்கு மிஞ்சியிருந்தது ஒரே ஒரு கெட்ட வார்த்தை. கறுப்புப் பெண் வந்து தனக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுப்பதா என்று அந்த ஒரு வார்த்தையையே விதவிதமாக என் மேல் வீசினார். மூன்று மாதம் வீசினார். மூன்று மாதமும் நான் போனேன். நாலாவது மாதம் தன் மனைவி பெயரைச் சொன்னார். எனக்கு நன்றி சொல்லவில்லை. நன்றி என்ற வார்த்தை வாதத்துக்கு முன்னாலேயே அவரிடம் இருந்திருக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

அங்கே என் மேலதிகாரி மிஸ் ஹார்ட்லி சேர்ந்த அன்றே இரண்டு விஷயம் சொன்னாள். நோயாளிக்குப் பதிலாக நீ பதில் சொல்லாதே. அவருக்குப் புரிகிறதா என்று சோதிக்க, உனக்கு விடை தெரியாத கேள்வியைக் கேள். தெரிந்த கேள்வியைக் கேட்டால் உன் விடைதான் உன் காதில் விழும். அதை நான் நோட்டில் எழுதிக்கொள்ளவில்லை. அப்படியே மண்டையில் ஏறிவிட்டது.

இரண்டு மாத லீவில் வந்திருந்தேன். மார்ச் பதினெட்டாம் தேதி வேலையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள். அண்ணன் வேறு தேதி வைத்திருந்தான். ரங்கநாதன் தெருவில் பாத்திரக்கடை வைத்திருந்தவர்களின் மகன் ஜவஹருக்கு என்னைப் பேசி முடித்து, மாசிக் கடைசி ஞாயிற்றுக்கிழமை பூ வைக்க வரச் சொல்லிவிட்டான். "அய்யாவோட ஆசை" என்றான்.

"அய்யா எப்பச் சொன்னாவ?"

"நான் கேட்டேன். தலைய ஆட்டினாவ."

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது நான் அய்யாவிடம் போய், "அய்யா, நான் யானை மேல ஏறி லீட்ஸுக்குப் போகட்டுமா?" என்று கேட்டேன். நாள் முழுக்க வந்துபோனவர்களின் சத்தத்தில் களைத்துப் போயிருந்தார். தலையை ஆட்டினார். அண்ணன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான், நிமிர்ந்து பார்க்கவில்லை.

அபிராமபுரத்தில் டாக்டர் ராமானுஜத்திடம் அழைத்துப் போனோம். பெரிய டாக்டர். நான் என் தொழில் முறையில் நாலு கேள்வி கேட்டேன். அவர் நாலுக்கும் அண்ணனைப் பார்த்துப் பதில் சொன்னார். "தானா வந்துடும் சார். ஆத்துக்கு அழைச்சுண்டு போய் நன்னா ரெஸ்ட் குடுங்கோ." நான் ஐந்தாவது கேள்வி கேட்டேன். "உங்க சிஸ்டர் ரொம்பக் கவலைப்படறா. கொஞ்சம் சமாதானப்படுத்துங்கோ" என்றார், அதுவும் அண்ணனிடம். வெளியே வந்து காரில் ஏறும்போது கதவை நான் சாத்திய சாத்தலில் டிரைவர் திரும்பிப் பார்த்தார்.

அடுத்து திருவான்மியூர். மருந்தீஸ்வரர் சந்நிதியில் ஓதுவார் பதிகம் பாட ஆரம்பித்தார். சக்கர நாற்காலியில் இருந்த அய்யா கூடச் சேர்ந்து பாடினார். ஒரு சொல் பிசகாமல் முழுப் பாட்டு. அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அண்ணன் கன்னத்தில் போட்டுக்கொண்டு அழுதான். நானும் கை கூப்பினேன். ஆனால் எனக்குத் தெரியும். பாட்டு வேறு, பேச்சு வேறு. லீட்ஸில் சர்ச் பாட்டெல்லாம் பாடிவிட்டு ஒரு வாய் தண்ணீர் கேட்கத் தெரியாமல் தவித்தவர்களை வாரத்துக்கு இரண்டு பேர் பார்ப்பேன்.

திரும்பி வரும் வழியில் அடையாறு பாலத்தில் அய்யா எதையோ கேட்டார். "தொ... தொ..." எங்களுக்குப் புரியவில்லை. வீடு வந்து சேர்வதற்குள் வேட்டி நனைந்துவிட்டது. அய்யா முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் அண்ணனிடம் விளக்க முயன்றேன்.

"சாமி குடுத்ததயும் உன் படிப்ப வெச்சுப் பிடுங்கிருவியோட்டி?" என்றான். "பாட்டு வந்துட்டு. பேச்சும் வந்துரும். உன் வேல முடிஞ்சிட்டு."

என் வேலை ஆரம்பிக்கவே இல்லை என்பதுதான் உண்மை. வந்ததிலிருந்து நான் ஒரு அட்டையோடு அய்யாவிடம் உட்கார்ந்துகொண்டிருந்தேன். தண்ணீர்ச் செம்பு, சாப்பாட்டுத் தட்டு, கக்கூஸ், ரேடியோ, அம்மா முகம் என்று நானே படம் வரைந்த அட்டை. வேண்டியதை விரலால் தொட்டுக் காட்டினால் போதும். வலது கை செத்துவிட்டது, இடது கை நன்றாக இருக்கிறது. லீட்ஸில் இந்த அட்டையால் எத்தனையோ பேர் மீண்டிருக்கிறார்கள். அய்யா அட்டையைப் பார்ப்பார். என்னைப் பார்ப்பார். இடது கையை மடக்கிப் போர்வைக்குள் வைத்துக்கொள்வார். நான் வெளியே எடுத்து வைப்பேன். மறுபடி உள்ளே போய்விடும். ஐந்து வாரம் இப்படி. கடைசியில் என் நோட்டுப் புத்தகத்தில் "நோயாளி ஒத்துழைக்கவில்லை" என்று எழுதினேன். என் தகப்பனைப் பற்றி, இங்கிலீஷில்.

அய்யாவைக் குளிப்பாட்டி, எண்ணெய் தேய்த்து, நடக்கப் பழக்க சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து அம்மாசி என்று ஒருத்தர் வருவார். ஐம்பது வயசு, தேக்குக் கட்டை போல உடம்பு. நான் எத்தனை தடவை சொல்லியும் என்னை "டாக்டரம்மா" என்றுதான் கூப்பிடுவார். அன்றைக்கு அட்டையை நான் கட்டிலில் விட்டெறிந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் ஒண்ணு சொல்றேன், கோச்சிக்காத டாக்டரம்மா. நீ படத்தக் காட்டிக்கினு கீறே. பெரியவரு பீச்சாங்கைய ஜனங்க மின்னாடி நீட்ட மாட்டாரு. நானு சோப்பு டப்பாவ அந்தக் கையில குட்த்தாலே மூஞ்சியத் திருப்பிக்கறாரு. பாத்ரூம்ல நான் மட்டும் கீறப்போ வாங்கிக்கறாரு. நீ கீறப்போ மாட்டாரு."

எனக்குச் செவிட்டில் அறைந்த மாதிரி இருந்தது. எங்கள் கடையில் இடது கையால் ஒரு துணி கைமாறாது. வாடிக்கைக்காரரிடம் இடது கையால் மீதியை நீட்டிய ஒரு சேல்ஸ்மேனை அய்யா அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவள் நான். அம்மாசிக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. ஆறு வருஷத்தில் நான் வெள்ளைக்காரர் வாயைத் திறக்கப் படித்துக்கொண்டு, அய்யாவின் கையை மறந்துவிட்டேன். அந்த நோட்டுப் பக்கத்தைக் கிழித்துப் போட்டேன். ஒத்துழைக்காதவள் நான்.

அய்யாவின் தோளில் கிடந்த துண்டைப் பார்த்ததும்தான் அது தோன்றியது.

எங்கள் வீட்டில் யாரும் வாய் திறந்து சொல்லாத சங்கதி ஒன்று உண்டு. அய்யா மாட்டுத் தரகராக இருந்தவர். கழுகுமலைச் சந்தையில் இருபத்தைந்து வயசு வரைக்கும் துண்டு போட்டு விலை பேசியவர். விற்பவர் கையும் வாங்குபவர் கையும் துண்டுக்குள் இருக்கும். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, ஐந்தையும் சேர்த்துப் பிடித்தால் ஐந்து. உள்ளங்கையில் தட்டினால் சம்மதம். உதறினால் ஆகாது. சுற்றி நூறு பேர் நின்றாலும் உள்ளே நடப்பது யாருக்கும் தெரியாது. மெட்ராஸ் வந்து, துணி மூட்டை சுமந்து விற்று, பாண்டி பஜாரில் 'வைரவன் ஜவுளி மாளிகை' என்று போர்டு மாட்டிய பிறகு, மாட்டுப் பேச்சே வீட்டில் வரக்கூடாது என்றாகிவிட்டது. ஆனால் நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது பஸ்ஸில் போகும் வழியில் எத்தனை கடலை மிட்டாய் என்று என்னோடு துண்டுக்குள் பேரம் பேசுவார். அண்ணனோடு பேசியதில்லை. அவன் அப்போதே கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தான்.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். அய்யாவின் தோளிலிருந்து துண்டை எடுத்து எங்கள் இருவர் மடியிலும் விரித்தேன். என் கையை உள்ளே விட்டுக் காத்திருந்தேன். துண்டுக்குள் எது வலது, எது இடது என்று பார்க்கிறவருக்குத் தெரியாது. அய்யா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம் கழித்துப் போர்வைக்குள்ளிருந்து ஒரு கை நகர்ந்து வந்து என் கையைத் தொட்டது.

"தாகமா இருக்காய்யா?"

உதறினார்.

"பசிக்கா?"

உதறினார்.

"எங்கயாச்சும் வலிக்கா?"

உதறினார்.

"எம்மேல கோவமா?"

தட்டினார். என் உள்ளங்கை எரிகிற அளவுக்குத் தட்டினார்.

அம்மாசி சிரித்துவிட்டார். நான் அழுதேன். என் தொழிலில் அதுவரைக்கும் யாரும் எனக்கு அவ்வளவு தெளிவாகப் பதில் சொன்னதில்லை.

அதற்குப் பிறகு இரண்டு வாரம் அய்யாவுக்கு ரசம் போதுமா போதாதா என்பதை அய்யாவே சொன்னார். போதாது. இத்தனை நாளும் போதவில்லை. அம்மா தலையில் அடித்துக்கொண்டு இன்னொரு கரண்டி ஊற்றினாள். மதினி தங்கம் பயந்து பயந்து கையைக் கொடுத்து, இரண்டே நாளில் தேறிவிட்டாள். எல்லாம் அண்ணன் கடைக்குப் போன பிறகுதான்.

பூ வைக்க இரண்டு நாள் இருக்கும்போது அண்ணன் மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டான். கூடத்தில் அய்யாவும் நானும் துண்டைப் போட்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தான். கடையின் பழைய ஆள் ஒருத்தரும் அவன் பின்னால் நின்றார். அண்ணன் முகம் சிவந்துவிட்டது. அந்த ஆளை வெளியே அனுப்பிவிட்டு வந்து துண்டை வெடுக்கென்று இழுத்தான்.

"என்னட்டி இது? அய்யாவ மறுபடியும் மாட்டுச் சந்தைல கொண்டு உக்கார வெக்கியா? இன்னைக்கு அய்யா யாரு, கடை எவ்வளவு பெருசு, தெரியுமா?"

"தெரியும். அவுகளுக்குப் பேச்சு வந்திருக்கு. அதயும் தெரிஞ்சுக்கிடுங்க."

"நீயா ஒண்ணச் சொல்லிக்கிட வேண்டியது. உள்ள என்ன நடக்குன்னு எவனுக்குத் தெரியும்?"

"அண்ணே, எனக்குத் தெரியாததக் கேளுங்க."

மிஸ் ஹார்ட்லி அந்த இடத்தில் இருந்திருந்தால் எனக்கு மார்க் போட்டிருப்பாள். துண்டை அவன் கையிலிருந்து வாங்கி மறுபடி விரித்தேன். அய்யாவின் கை தயங்காமல் வந்தது. அம்மாவும் மதினியும் அடுப்படி வாசலில் நின்றார்கள். அம்மாசி, அய்யா நடக்கப் பழகுகிற நடைவண்டியைப் பிடித்தபடி நின்றார்.

அண்ணன் யோசித்தான். "நீ கைப்பிள்ளையா இருக்கையில சிந்தாதிரிப்பேட்டைல குடியிருந்தோம். அந்த வீட்டு நம்பர் என்னன்னு கேளு."

நான் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. அய்யா என் ஒரு விரலைப் பிடித்தார். விட்டார். பிறகு நாலு விரலைப் பிடித்தார்.

"பதினாலு."

அண்ணன் அம்மாவைப் பார்த்தான். "பதினாலுதான்" என்றாள் அம்மா. "பின்பக்கம் கூவம். சன்னலத் தொறக்க முடியாது."

இன்னும் இரண்டு கேட்டான். இரண்டுக்கும் அய்யா சரியாகச் சொன்னார். மதுரையில் நமக்குக் கடை இருந்ததா என்று வேண்டுமென்றே ஒரு பொய்யைக் கேட்டான். அய்யா உதறியது துண்டுக்கு வெளியேயே தெரிந்தது. அண்ணனுடைய முகத்தில் ஏதோ தளர்ந்தது. ஐந்து மாதமாக அவனும் தனியாக இந்த வீட்டையும் கடையையும் இழுத்துக்கொண்டு கிடந்தவன்தான். அய்யா முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தான்.

"அய்யா, ஜவஹருக்கு இவளக் குடுக்க உங்களுக்குச் சம்மதமா?"

அய்யா உதறினார். நான் வாய் திறந்து சொல்ல வேண்டியிருக்கவில்லை, துண்டு ஆடியதை எல்லாரும் பார்த்தார்கள். எனக்குக் குதிக்க வேண்டும் போல இருந்தது. இத்தனை நாள் அய்யா சொன்னார், அய்யா சொன்னார் என்று என் வாயை அடைத்தவன் முன்னால், அய்யாவே சொல்லிவிட்டார்.

அண்ணன் எழுந்திருக்கவில்லை. அய்யாவையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் கேட்டான்.

"இவ திரும்பச் சீமைக்குப் போறதுக்குச் சம்மதமாய்யா?"

அய்யா இப்போது உதறவில்லை. என் கையைக் கெட்டியாகப் பிடித்தார். பிறகு மெதுவாக, ரொம்ப மெதுவாக, என் கையைத் தள்ளினார். துண்டு அசையவே இல்லை. ஆகாது.

யாருக்கும் தெரியாது. எனக்கு மட்டும்தான் தெரியும். நாலு பேரும் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சம்மதம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அண்ணன் நம்பியிருப்பான். சற்றுமுன்தான் நம்ப வைத்திருந்தேன். அய்யாவால் மறுத்துச் சொல்ல முடியாது. வாயைத் திறந்தால் "தொ... தொ..." என்பார், அதையும் நானே மொழிபெயர்த்திருக்கலாம்.

அய்யாவும் என்னைப் பார்த்தார். நான் என்ன சொல்லப் போகிறேன் என்று பார்த்தார்.

"வேண்டாம்ங்காவ" என்றேன்.

அண்ணன் மூச்சு விட்டான். "கேட்டியா? அய்யா பேச்சு பேச்சுதான? நீதான சொன்ன."

"ஆமா. அய்யா வேண்டாம்னு சொல்லிட்டாவ. அது அவுக பேச்சு. அத மாத்திச் சொல்ல எனக்கும் உரிமை இல்ல, உங்களுக்கும் இல்ல." எழுந்து நின்றேன். குரல் நடுங்கவில்லை. அதற்குத்தான் மூன்று வருஷம் பயிற்சி கொடுத்திருந்தார்கள். "நான் போறேன். இது என் பேச்சு. பதினஞ்சாம் தேதி பிளேன்."

"அய்யா சொல்லியுமா?"

"அய்யா சொல்லியும். அவுக சொன்னது காதுல விழுந்துட்டு. காதுல விழுந்ததெல்லாம் செஞ்சாகணும்னு எந்தப் படிப்புலயும் இல்ல."

அம்மாசி நடைவண்டியை ஓசைப்படாமல் சுவரோரம் நகர்த்தி வைத்துவிட்டு வெளியே போனார். அய்யா துண்டை இழுத்துத் தன் கையை மூடிக்கொண்டார்.

ராத்திரி அடுப்படியில் அம்மா கேட்டாள். "ஒரு பொய் சொல்லியிருக்கக் கூடாதாட்டி? அய்யா சரின்னுட்டாவன்னு சொல்லிருந்தா, ஒரு சண்டையும் இல்லாம மாலை மரியாதையோட போயிருப்பியே."

"அதத்தானம்மா அண்ணன் இத்தன நாளாச் செஞ்சாக."

அம்மா பாத்திரத்தைத் துடைத்தாள். "அவனாத்தான் சொல்லுதான்னு அப்பவே எனக்கும் தெரியும்டி" என்றாள். பேச்சியம்மாள் என்று பேர் வைத்துக்கொண்டு ஐந்து மாதம் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறாள். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் பாத்திரத்தைப் பிடுங்கி நானே துடைத்தேன்.

அண்ணன் மறுநாள் காலையில் ரங்கநாதன் தெருவுக்குப் போய், அய்யாவுக்கு இஷ்டமில்லை என்று சொல்லிவிட்டு வந்தான். அதை அவன் சொல்லியே ஆக வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை. சொன்னான். அந்த ஒன்றுக்கு அவனுக்கு என் கணக்கில் மரியாதை உண்டு.

அந்த ஏழு நாளும் அய்யா எனக்குக் கையைக் கொடுக்கவில்லை. அம்மாவுக்குக் கொடுத்தார், மதினிக்குக் கொடுத்தார், அம்மாசிக்குக்கூடக் கொடுத்தார். நான் துண்டை விரித்தால் கண்ணை மூடிக்கொள்வார். ஒத்துழைக்கவில்லை என்று நான் எழுதவில்லை. எனக்கு என்ன சொல்லவேண்டுமோ அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். வலித்தது. அழுதேன். பெட்டியும் கட்டினேன்.

பதினைந்தாம் தேதி காலை வாசலில் டாக்ஸி வந்து நின்றது. நான் போவதைப் பார்க்கக் கடையிலிருந்து நாலைந்து பேர் வந்திருந்தார்கள். எதிர்வீட்டுக்காரர்களும் கேட்டில் நின்றார்கள். அம்மாசி அய்யாவை நாற்காலியோடு வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்தார். "அவுருதான் வெளிய இட்டுக்கினு போன்னாரு" என்றார், நான் கேட்காமலேயே.

குனிந்து காலைத் தொட்டேன். நிமிரும்போது அய்யா இடது கையால் தன் தோளில் இருந்த துண்டை இழுத்தார். அத்தனை பேர் முன்னால், இடது கையால். இழுத்து என் கை மேல் போட்டார். துண்டுக்குள் என் ஒரு விரலைப் பிடித்தார்.

எனக்குப் புரியவில்லை. "என்னய்யா ஒண்ணு?"

மறுபடி அதே விரல். முறைத்தார்.

"வருசமா? ஒரு வருசத்துல வந்துரணுமா?"

தட்டினார்.

நான் உதறினேன். அவருடைய ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தேன். அவர் என் கையை உதறிய உதறலில் துண்டு தரையில் விழுந்தது. அம்மாசி எடுத்துப் போட்டார். அய்யா இரண்டு விரலைப் பிடித்தார். நான் உதறினேன். நாலைப் பிடித்தேன். அவர் உதறினார். டாக்ஸிக்காரர் ஹாரன் அடித்தார். அய்யா மூன்று விரலைப் பிடித்து அழுத்தினார். ஆறு வருஷத்துக்கு முன்னால் நான் சரி என்று சொல்லிவிட்டுக் காப்பாற்றாத அதே மூன்று. அவர் கண்ணில் அப்படி ஒரு குறும்பும் கோபமும் இருந்தது.

காப்பாற்ற முடியாத வாக்கை இன்னொரு தடவை கொடுக்க மாட்டேன். உதறினேன். மறுபடியும் நாலைப் பிடித்தேன். அய்யாவும் உதறினார். பேரம் படியவில்லை. ஆனால் கையை எடுக்கவும் இல்லை, இரண்டு பேரும்.

நான்தான் முதலில் எடுத்தேன். பிளேன் நிற்காது.

டாக்ஸிக் கதவைத் திறக்கும்போது அண்ணன் ஓடி வந்தான். இத்தனை மாதம் இந்த வீட்டில் எல்லாருக்கும் அய்யா சொன்னதைச் சொன்னவன், என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு கேட்டான். "ஏட்டி, அய்யா என்ன சொன்னாவ?"

"கையக் குடுத்து நீங்களே கேளுங்கண்ணே."

வண்டி நகர்ந்தது. பின் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். கடை ஆட்கள் பார்க்க, எதிர்வீட்டுக்காரர்கள் பார்க்க, வைரவன் ஜவுளி மாளிகையின் சின்ன முதலாளி சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, வாசலில் குனிந்து நின்று, துண்டுக்குள் கையை விட்டான்.